'பிலிப்பினோ' என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?

1849 நவம்பரில், மணிலாவில் இருந்த ஸ்பானிய கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவேரியா ஓர் உத்தரவு போட்டார். பிலிப்பைன்ஸ் தீவுகளில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான ஒரு குடும்பப் பெயர் வேண்டும். இல்லாதவர்களுக்கு அரசாங்கமே தரும். அதுவரை மக்கள் ஞானஸ்நானத்தின்போது கிடைத்த புனிதர் பெயர்களையே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஊரில் நூறு பேர் 'தெ லா குரூஸ்' என்றும் இன்னொரு நூறு பேர் 'தெ லோஸ் சாந்தோஸ்' என்றும் இருந்தால் வரி வசூலிக்கிறவர் யாரைத் தேடிப் பிடிப்பார்? அதனால் சுமார் 60 ஆயிரம் பெயர்கள் அகர வரிசையில் அச்சிடப்பட்டு, மாகாணங்களுக்கும் அங்கிருந்து ஊர்களுக்கும் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பட்டியலில் செடிகள், ஊர்கள், தொழில்கள், குணங்கள் என்று ஸ்பானியச் சொற்களும் உள்ளூர்ச் சொற்களும் கலந்து கிடந்தன. ஊர்த்தலைவரும் பங்குச் சாமியாரும் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பெயர் கொடுத்தார்கள். பிக்கோல் பகுதியின் சில ஊர்களில் பெரும்பாலான குடும்பங்களின் பெயர்கள் இன்றைக்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

பிலிப்பினோ தேசியத்தைப் பற்றிப் பேச நான் இந்த இடத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த மக்களுக்குத் தனிப் பெயரும் வெளியிலிருந்துதான் வந்தது, பொதுப் பெயரும் வெளியிலிருந்துதான் வந்தது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரால் தீவுகள் 'பிலிப்பினாஸ்' ஆயின. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை 'பிலிப்பினோ' என்றால் அங்கே பிறந்த ஸ்பானியர் என்றுதான் பொருள். மண்ணின் மக்களுக்கு அரசுக் காகிதங்களில் இருந்த பெயர் 'இந்தியோ'. அந்தச் சொல்லில் இகழ்ச்சியும் சேர்ந்தே இருந்தது. இந்தியோ என்று கூப்பிடப்பட்டவர்கள் எப்படி, யாரிடமிருந்து, என்ன விலை கொடுத்து 'பிலிப்பினோ' என்ற சொல்லைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான், என் பார்வையில், இந்தத் தேசியத்தின் கதை.

1521-ல் வந்த மெகல்லன் மக்தான் தீவில் அங்கத்திய தலைவர் லாப்புலாப்புவின் ஆட்களால் கொல்லப்பட்டார். ஆட்சி நிலைத்தது ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி வந்த பிறகுதான்: 1565-ல் செபு, 1571-ல் மணிலா. அதன்பின் 250 ஆண்டுகளுக்கு மணிலாவின் பொருளாதாரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கப்பல்களை நம்பியே இருந்தது. மெக்சிகோவின் அக்காபுல்கோவில் இருந்து வெள்ளி வரும், சீனப் பட்டு போகும். கோட்டைக்குள் இருந்த ஸ்பானியருக்கு அந்த வியாபாரம் போதும். கிராமங்களை யார் ஆள்வது? அந்த வேலை துறவற சபைகளிடம் போனது.

அகுஸ்தீனியர், பிரான்சிஸ்கர், தொமினிக்கர், ரெக்கலெக்ட் சபையினர் என்று நான்கு சபைகள் பங்குகளை, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் ஊர்ப் பகுதிகளை, பிரித்து வைத்துக்கொண்டிருந்தன. பெரும்பாலான ஊர்களில் மக்கள் கண்ணால் பார்த்த ஒரே ஸ்பானியர் பங்குத் துறவிதான். பூசை வைப்பது அவர். வரிப் பட்டியலைச் சரிபார்ப்பது அவர். பள்ளிக்கூடத்தைக் கண்காணிப்பது அவர். ஊர்த்தலைவர் தேர்தலில் உட்கார்ந்திருப்பதும் அவர். ஒருவரது நன்னடத்தைக்குச் சான்று வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். உள்ளூர் மொழிகளைக் கற்றுக்கொண்டு அவற்றிலேயே மதம் பரப்பிய துறவிகள், மக்களுக்கு ஸ்பானிய மொழி போய்ச் சேருவதை விரும்பவில்லை. மொழி தெரிந்தவன் மேலிடத்தில் போய் நேரடியாகப் பேசிவிடுவான் அல்லவா? இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசிய தீவுகளை ஒரே மதம், ஒரே திருவிழா, ஒரே மாதிரி ஊர் அமைப்பு என்று கட்டிச் சேர்த்ததும் இதே திருச்சபைதான். பின்னாளில் ஒருவர் குறை மற்றவருக்கும் புரிந்ததற்கு அது ஒரு காரணம். வடக்கே இலோக்கோஸிலும், மணிலாவைச் சுற்றித் தகாலோக் மொழி பேசும் நாட்டிலும் மக்கள் ஒரே வகை அதிகாரத்தின் கீழ் அவதிப்பட்டார்கள்.

எதிர்ப்பே இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலை, திறை, குறைந்த விலைக்குக் கட்டாயக் கொள்முதல், 1780-களிலிருந்து நூறாண்டுகள் நீடித்த புகையிலை ஏகபோகம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிராக ஏதாவது ஒரு மூலையில் கலகம் வெடித்திருக்கிறது. ஆனால் ஒரு மாகாணத்துக் கலகத்தை அடக்க அடுத்த மாகாணத்து ஆட்களையே ஸ்பெயின் கொண்டுவர முடிந்தது.

இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு சின்ன இடம் உண்டு. ஏழாண்டுப் போரின்போது, 1762-ல், வில்லியம் டிரேப்பர் தலைமையில் மணிலாவைப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் படை சென்னையில் இருந்துதான் கப்பல் ஏறியது. அதில் சிப்பாய்களும் இருந்தார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. 1764 வரை பிரிட்டிஷார் அங்கே இருந்தார்கள். சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். அவர்களுடைய வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. இந்தப் படையெடுப்பு உள்ளூரில் இன்னொன்றையும் செய்தது. ஸ்பானியரையும் தோற்கடிக்க முடியும் என்பது மக்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இலோக்கோஸில் தியேகோ சிலாங் எழுந்தார். அவர் கொல்லப்பட்டதும் மனைவி கபிரியேலா போரைத் தொடர்ந்தார். 1763-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

சரி, தனித்தனிக் கோபங்கள் எப்போது ஒன்று சேர்ந்தன? முதலில் பணம் வந்தது. 1834-ல் மணிலா துறைமுகம் உலக வணிகத்துக்கு முறைப்படி திறக்கப்பட்டது. சர்க்கரை, மணிலாக் கயிறு செய்யும் அபாக்கா நார், புகையிலை ஆகியவற்றால் உள்ளூரிலும் சீனக் கலப்புக் குடும்பங்களிலும் ஒரு வசதியான வர்க்கம் உருவானது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கான பயணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிள்ளைகள் மத்ரீதுக்கும் பார்சிலோனாவுக்கும் படிக்கப் போனார்கள். 'இலுஸ்த்ராதோ', அதாவது அறிவொளி பெற்றவர்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

ஆனால் முதல் பொறி மாணவர்களிடமிருந்து வரவில்லை, பாதிரியார்களிடமிருந்து வந்தது. துறவற சபைகளில் சேராத மறைமாவட்டக் குருக்களில் பெரும்பாலோர் மண்ணின் மைந்தர்களும் கலப்பினத்தவரும். பங்குகளைத் தங்களுக்குத் தர வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். திருச்சபைச் சட்டப்படியே அது நியாயமான கோரிக்கை. ஸ்பானியத் துறவிகளோ உள்ளூர்க் குருக்களுக்குத் தகுதி போதாது என்று சொல்லிப் பங்குகளைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரே குருத்துவம், ஒரே பீடம், ஆனால் தோலின் நிறத்தைப் பார்த்துப் பதவி. இந்த வழக்கை முன்னின்று எழுதியவர் ஹோசே பூர்கோஸ் என்ற இளம் குரு.

1872 ஜனவரி 20 அன்று காவித்தே படைத்தளத்தில் கலகம் நடந்தது. புதிய கவர்னர் இஸ்கியேர்தோ, ஆயுதக் கிடங்குத் தொழிலாளர்களுக்கு அதுவரை இருந்த திறை விலக்கையும் கட்டாய வேலை விலக்கையும் எடுத்துவிட்டார். சம்பளத்தில் பிடித்தம் விழுந்ததைப் பார்த்துத்தான் அவர்கள் கொதித்தார்கள். சுமார் 200 பேர் ஈடுபட்ட அந்தக் கலகம் ஒரே நாளில், இரண்டு நாளில் ஓய்ந்துவிட்டது. ஸ்பானிய அரசோ அதைப் பெரும் சதி என்று கட்டி, மூன்று குருக்களின் தலையில் வைத்தது. பூர்கோஸுக்கு 35 வயது. ஹசிந்தோ சமோராவுக்கு 36. மரியானோ கோமெஸ் 70 வயதைத் தாண்டிய முதியவர். சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்ட ஒரு கடிதத்தில் பந்தயப் பணத்தை 'வெடிமருந்து' என்று குறித்திருந்ததே சமோராவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள்.

பிப்ரவரி 17 காலையில் பாகும்பாயான் மைதானத்தில் பெரும் கூட்டத்துக்கு நடுவே தண்டனை நிறைவேறியது. 'கரோத்தே' என்பது ஸ்பானியர்களின் மரணக் கருவி: ஒரு கம்பத்தோடு சேர்ந்த இருக்கை, கழுத்தில் இரும்பு வளையம், பின்னால் ஒரு திருகாணி. திருகத் திருக வளையம் இறுகும். மூவரும் ஒருவர் பின் ஒருவராக அந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய குருப்பட்டத்தைப் பறிக்கும்படி அரசு கேட்டதற்கு மணிலா பேராயர் இணங்கவில்லை. ஆகவே மக்கள் அன்று பார்த்தது, குருக்களாகவே சாகிற மூன்று பேரை. அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'கோம்பூர்சா' என்ற ஒரே சொல்லாக மக்கள் வைத்துக்கொண்டார்கள்.

கிளாவேரியாவின் பட்டியல் மறுபடியும் வருவது இங்கேதான். கலம்பா ஊரில் மெர்காதோ என்றொரு குடும்பம். 1849-க்குப் பிறகு 'ரிசால்' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டது. மூத்த மகன் பசியானோ பூர்கோஸுக்கு நெருக்கமான மாணவர். 1872-க்குப் பிறகு மெர்காதோ என்ற பெயரே ஆபத்தாகிவிட்டது. அதனால் பள்ளிக்கூடத்தில் சேரப் போன 11 வயதுத் தம்பி, அதிகம் புழங்காத அந்த இன்னொரு பெயரோடு போனான். ஹோசே ரிசால் என்ற பெயர் வரலாற்றுக்குள் வந்தது இப்படித்தான். வரி வசூலுக்காக வந்த ஏற்பாடு, 1896-ல் ஸ்பெயின் சுட்டுக் கொன்ற மனிதனின் பெயராகி நின்றது.

ரிசால் கண் மருத்துவர், கவிஞர், சிற்பி, பல மொழிகள் தெரிந்தவர். 1887-ல் பெர்லினில் 'நோலி மே தாங்கெரே' நாவலை அச்சிடக் கையில் காசு இல்லாமல், மாக்சிமோ வியோலா என்ற நண்பர் கொடுத்த 300 பெசோவில் 2,000 பிரதிகள் போட்டார். 1891-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வெளிவந்த இரண்டாவது நாவலை அந்த மூன்று குருக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். இரண்டுக்கும் நடுவே அவர் செய்த ஒரு வேலையைப் பலர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து, அந்தோனியோ தெ மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609-ல் எழுதிய பழைய வரலாற்றை வரிவரியாகக் கையால் படி எடுத்து, அடிக்குறிப்புகள் எழுதி மறுபடியும் வெளியிட்டார். ஸ்பானியர் வருமுன்னே அங்கே வணிகமும் கப்பல் கட்டும் திறனும் எழுத்தும் இருந்தன என்று ஸ்பானியரின் சாட்சியத்தைக் கொண்டே காட்டுவது அவர் நோக்கம். சில இடங்களில் அளவுக்கு மீறிப் பெருமை பேசினார் என்பதும் உண்மைதான். நாகரிகமே நாங்கள் கொடுத்தது என்று 300 ஆண்டுகளாகக் காதில் ஓதப்பட்டவர்களுக்கு அந்த அடிக்குறிப்புகள் தேவைப்பட்டன.

1889-ல் பார்சிலோனாவில் தொடங்கிய 'லா சோலிதாரிதாத்' இதழில் லோபெஸ் ஹயேனா, மார்செலோ தெல் பிலார், ரிசால் எல்லோரும் எழுதினார்கள். அவர்கள் கேட்டது விடுதலை அல்ல. ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் இடம், சட்டத்தின் முன் சமத்துவம், பங்குகளில் உள்ளூர்க் குருக்கள். இவ்வளவுதான். மத்ரீத் அதைக்கூடத் தரவில்லை. அதே நேரத்தில் கலம்பாவில் தொமினிக்கர் பண்ணை நிலத்தின் குத்தகை உயர்வை எதிர்த்த குடியானவர்கள், ரிசாலின் குடும்பம் உட்பட, 1890-91-ல் படையை வைத்து வீடுகளில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். இந்த எழுத்தாளர்கள் தங்களைப் 'பிலிப்பினோ' என்று குறித்துக்கொண்டார்கள். ஸ்பானியருக்கு மட்டும் என்றிருந்த சொல்லுக்குள் இந்தியோவும் கலப்பினத்தவரும் நுழைந்தது அவர்களுடைய எழுத்தின் வழியாகத்தான்.

1892 ஜூலையில் நாடு திரும்பி 'லா லிகா பிலிப்பினா' என்ற அமைப்பைத் தொடங்கிய சில நாட்களிலேயே ரிசால் கைதாகி, தெற்கே மின்தனாவோ தீவில் உள்ள தாபித்தான் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அந்தச் செய்தி பரவிய ஜூலை 7 அன்றே மணிலாவின் தொந்தோ பகுதிக்காரர் ஒருவர் நண்பர்களோடு சேர்ந்து 'கத்திபூனான்' என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கினார். ஆந்த்ரேஸ் போனிஃபாசியோவுக்குப் பெற்றோர் இளமையிலேயே போய்விட்டார்கள். கைத்தடியும் காகித விசிறியும் செய்து விற்றுத் தம்பி தங்கைகளை வளர்த்தவர், அப்புறம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அவருடைய அமைப்பு பேசியதும் எழுதியதும் தகாலோக்கில். பிலிப் மன்னரின் பெயரை அவர்கள் விரும்பவில்லை. 'கத்தாகலுகான்' என்றார்கள், தகாலோக் என்ற சொல் இந்தத் தீவுக்கூட்டத்தில் பிறந்த எல்லோரையும் குறிக்கும் என்று விளக்கமும் எழுதினார்கள். இரண்டு விதமான தேசியம் பக்கத்துப் பக்கத்தில் நின்றதை இந்த ஓர் இடத்தில் தெளிவாகப் பார்க்கலாம். படித்தவர்கள் ஆள்பவரின் சொல்லை எடுத்துத் தங்களுடையதாக்கினார்கள். உழைக்கிறவர்கள் வேறு சொல்லையே தேடினார்கள்.

1896 ஆகஸ்டில் ரகசியம் வெளியானதும் போனிஃபாசியோவும் தோழர்களும் மணிலாவுக்கு வெளியே கூடினார்கள். அங்கே அவர்கள் கிழித்தது 'செதுலா' என்ற தலைவரிச் சீட்டு. எங்கே போனாலும் மடியில் வைத்திருக்க வேண்டிய சீட்டு அது. காட்டாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். அதைக் கிழித்தபின் வீட்டுக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. டிசம்பர் 30 அன்று பாகும்பாயானில் ரிசால் சுடப்பட்டார். வயது 35. சுட்ட வரிசையில் நின்றவர்கள் உள்ளூர்ச் சிப்பாய்கள். அவர்கள் பின்னால் துப்பாக்கியோடு ஸ்பானியச் சிப்பாய்கள் நின்றார்கள். அவருடைய கடைசிக் கவிதை ஒரு சிறிய சாராய அடுப்புக்குள் மறைத்துச் சகோதரியின் கைக்குப் போயிற்று.

புரட்சிக்குள்ளேயே வர்க்கமும் வந்துவிட்டது. 1897 மார்ச்சில் தெஹேரோஸ் கூட்டத்தில் எமிலியோ அகினால்டோ தலைவராகத் தேர்வானார். போனிஃபாசியோவுக்கு உள்துறைப் பதவி கிடைத்தது. அதற்கு வக்கீல் படித்தவர் வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னார். அவமானப்பட்டு வெளியேறிய போனிஃபாசியோ, அகினால்டோ தரப்பின் விசாரணைக்குப் பிறகு மே 10 அன்று மலையில் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை எந்தப் போர்க்கால அவசரத்தாலும் நியாயப்படுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1898-ல் அமெரிக்கா வந்தது. மே 1 அன்று மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படை அழிந்தது. ஹாங்காங்கில் இருந்த அகினால்டோ திரும்பி வந்து, ஜூன் 12 அன்று கவித் ஊரில் விடுதலை அறிவித்தார். ஆனால் ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானியரும் அமெரிக்கரும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரு பொய்ச் சண்டை போட்டு மணிலாவைக் கை மாற்றினார்கள். நகரைச் சூழ்ந்து நின்ற பிலிப்பினோ படைக்கு உள்ளே இடமில்லை. டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தத்தில் 2 கோடி டாலருக்கு ஸ்பெயின் தீவுகளை ஒப்படைத்தது. அடுத்த மாதமே மாலோலோஸில் அரசியல் சட்டத்தோடு ஒரு குடியரசு பதவியேற்றது. பிப்ரவரி 4 அன்று அதன் மீது போர் தொடங்கியது.

1902 ஜூலையில் முடிந்ததாக அமெரிக்கா அறிவித்த அந்தப் போரில் 4,200-க்கு மேற்பட்ட அமெரிக்கரும் சுமார் 20,000 பிலிப்பினோ போராளிகளும் இறந்தார்கள். பஞ்சத்திலும் காலராவிலும் வன்முறையிலும் செத்த பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பத்தாங்காஸில் மக்களை முகாம்களில் அடைத்தார்கள். வாயில் தண்ணீரை ஊற்றி வயிறு வீங்கியதும் மிதித்துச் செய்தி கறந்தார்கள். தெற்கில் முஸ்லிம் மோரோக்கள் இன்னும் பல ஆண்டுகள் போராடினார்கள். 1906-ல் புத் தாஹோ மலையில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஸ்பெயினாலும் முழுமையாக அடக்க முடியாத அந்த மக்களுக்குப் 'பிலிப்பினோ' என்ற பெயர் இன்றும் எளிதில் பொருந்தாத சட்டைதான். மணிலாவில் எழுதப்படும் தேசிய வரலாறு இதை ஓரமாகவே வைத்துவிடுகிறது.

துப்பாக்கிக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வந்தது. 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்பானியர் தர மறுத்த மொழியின் இடத்தில் ஆங்கிலம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. அது ஏழைப் பிள்ளைக்குத் திறந்த கதவுதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை படித்தது வாஷிங்டனின் கதை. தன் தாத்தா யாரோடு சண்டை போட்டார் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை. 1907 முதல் 1919 வரை பிலிப்பைன்ஸ் கொடியை வெளியில் காட்டுவதே குற்றம். விடுதலையை நாடகமாகப் போட்டதற்காக அவ்ரேலியோ தொலெந்தினோ சிறைக்குப் போனார். அந்தக் காலத்து நாடகங்களில் நடிகர்கள் நீலம், சிவப்பு, வெள்ளை உடை உடுத்தி வந்து, மேடையில் ஒரு கணம் சேர்ந்து நின்று கொடியைக் காட்டிவிட்டுக் கலைந்து போவார்களாம்.

ரிசாலை அமெரிக்கர்தான் தேசிய வீரராக்கினார்கள், ஆயுதம் ஏந்தாதவர் என்பதால் அவரைப் பிடித்திருந்தது என்று ரெனாத்தோ கொன்ஸ்தாந்தினோ போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிட்டார்கள். ஒரு மாகாணத்துக்கே அவர் பெயரை வைத்ததும் சிலை எழுந்ததும் அமெரிக்க ஆட்சியில்தான். ஆனால் 1898-லேயே டிசம்பர் 30-ஐத் துக்க நாளாக அறிவித்தவர் அகினால்டோ. மக்கள் முன்பே அவரைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அமெரிக்கர் தங்களுக்குத் தோதான பாதி ரிசாலை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வதே சரியாக இருக்கும்.

கலம்பா போன்ற துறவற சபை நிலங்களையும் அமெரிக்க அரசு சுமார் 70 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. உழுதவனுக்குப் போயிருக்க வேண்டிய அந்த நிலத்தில் பெரும்பகுதி பணமுள்ளவர்களிடம் போயிற்று. 1907-ல் சட்டசபைக்கு வந்தவர்களும் இந்த வசதியான குடும்பத்தினரே. கேஸோன், ஒஸ்மேனியா போன்றோர் 'உடனடி விடுதலை' என்று மேடையில் பேசிக்கொண்டே, வரியில்லாச் சர்க்கரை ஏற்றுமதியால் அமெரிக்கச் சந்தையோடு கட்டப்பட்டிருந்த ஒரு வர்க்கத்தை நம்பி அரசியல் நடத்தினார்கள். பத்து ஆண்டில் விடுதலை என்று சொன்ன 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அமெரிக்கப் பண்ணையாளர்களும் தொழிற்சங்கங்களும் ஆதரவு தந்ததற்கு, பிலிப்பினோச் சர்க்கரையும் தொழிலாளரும் போட்டியாக வந்ததும் ஒரு காரணம். அந்தச் சட்டம் பிலிப்பினோக்கள் குடியேற ஆண்டுக்கு 50 பேர் என்று வரம்பு கட்டியது.

ஜப்பானிய ஆக்கிரமிப்பின் இருட்டைத் தாண்டி, 1946 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் சுதந்திர தினத்திலேயே விடுதலை கிடைத்தது. கூடவே இயற்கை வளங்களில் அமெரிக்கருக்குச் சம உரிமை, 99 ஆண்டுக்குப் படைத்தளங்கள். 1962-ல் குடியரசுத் தலைவர் மகபகால் விடுதலை நாளை ஜூன் 12-க்கு மாற்றினார். 1991 செப்டம்பரில் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது.

சமார் தீவில் பலாங்கிகா என்றொரு ஊர். 1901 செப்டம்பர் 28 காலையில் அங்கே கோயில் மணி அடித்ததும், ஊர்க்காரர்கள் அமெரிக்க முகாம் மேல் பாய்ந்தார்கள். 48 சிப்பாய்கள் இறந்தார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் ஏந்தக்கூடிய எல்லோரையும் கொல்லும்படி உத்தரவு போட்டுச் சமாரை எரித்தார் ஜெனரல் ஜேக்கப் ஸ்மித். மூன்று மணிகளையும் வெற்றிப் பொருளாக எடுத்துப் போனார்கள். இரண்டு அமெரிக்காவின் வயோமிங்கில் இருந்தன, ஒன்று தென்கொரியாவில் ஓர் அமெரிக்கப் படைப்பிரிவிடம் இருந்தது. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2018 டிசம்பரில் அவை பலாங்கிகா கோயிலுக்குத் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்றின் மேல், 1889-ல் அதை மறுபடி வார்த்த ஸ்பானியப் பங்குத் துறவியின் பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது.